பழைய 24 அங்குல போட்டோ பிரிண்டர்: எப்சனா, கேனனா, எச்பியா?

என் அக்கா மகன் திண்டுக்கல்லில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். கல்யாண ஆல்பம் எல்லாம் வெளியே லேபுக்குப் போகிறது. 20-க்கு 30, 24-க்கு 36 சைஸ் பிரேம் படங்களையும் கேன்வாஸையும் மட்டுமாவது சொந்தமாகப் போட வேண்டும் என்று அவனுக்கு இரண்டு வருட ஆசை. போன மாதம் ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் மூன்று மிஷின்களின் படத்தை அனுப்பினான். எப்சன் ஸ்டைலஸ் ப்ரோ 7900, கேனன் ஐபிஎஃப் 6400, எச்பி டிசைன்ஜெட் இசட் 3200. மூன்றும் 24 அங்குலம், மூன்றும் பிக்மென்ட் இங்க் (நிறத்துகள் கலந்த இங்க்), மூன்றும் பழசு. கேட்கும் விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

"மாமா, மூணுமே ஒரே ரேட்டுதான் வருது. எதை எடுக்கட்டும்?"

போனிலேயே சொல்லிவிடுகிற பதில் இல்லை இது. மதுரையில் 14 வருடமாகப் பெரிய பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறேன். அதில் இரண்டு முறை பழைய மிஷின் வாங்கினேன். ஒன்று நன்றாக உழைத்தது, ஒன்று என்னை அழவைத்தது. அவனுக்கு நேரில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கிற வேறு யாருக்காவது பயன்பட்டால் நல்லது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "பெரிய பிரிண்டர்", "பிளாட்டர்" என்று போடும் விளம்பரங்களில் மூன்று வேறு வேறு ஜாதி மிஷின்கள் கலந்து கிடக்கும். ஃபிளெக்ஸ் அடிக்கிற சால்வென்ட் மிஷின் ஒன்று. அதன் இங்கும் வேறு, வேலையும் வேறு. கட்டட வரைபடம் எடுக்கிற பிளாட்டர் இன்னொன்று. நாலைந்து கலர்தான் இருக்கும், கோடு அருமையாக வரும், முகத்தின் நிறம் வராது. நாம் பேசுவது மூன்றாவது வகை: எட்டு முதல் பன்னிரண்டு கலர் வரை பிக்மென்ட் இங்க் ஓடுகிற போட்டோ பிரிண்டர். விலை குறைவாக இருக்கிறதே என்று வரைபட பிளாட்டரை வாங்கி வந்து, கல்யாணப் பெண்ணின் படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த மிஷின்களில் இரும்பும் மோட்டாரும் லேசில் போகாது. போவது ஹெட், அதாவது இங்கைப் பேப்பரில் தெளிக்கிற பாகம். அந்த ஹெட் போனால் என்ன ஆகும், யார் மாற்றுவார், எவ்வளவு செலவு என்பதில்தான் இந்த மூன்று கம்பெனிகளும் முற்றிலும் பிரிகின்றன. படத்தின் தரத்தை வைத்து மூன்றையும் ஒப்பிடுவது எனக்கு இரண்டாம்பட்சம். சரியாக ஓடினால் மூன்றுமே வாடிக்கையாளர் குறை சொல்ல முடியாத படம் கொடுக்கும்.

எப்சன் 7900 சந்தைக்கு வந்தது 2008-ல். மொத்தமும் ஒரே ஹெட். அதில் பத்து வரிசை, வரிசைக்கு 360 நாசில் (இங்க் தெறிக்கிற நுண்துளை), ஆக 3,600. இங்கை வெளியே தள்ளுவது பியசோ என்ற முறை: மின்சாரம் பட்டால் நெளிகிற ஒரு சின்னப் படிகம் இங்கை உந்தித் தள்ளுகிறது. சூடு கிடையாது. அதனால் ஹெட் தேயாது, மிஷினின் ஆயுள் முழுக்க வரும் என்பது கணக்கு. தினமும் ஓடுகிற இடத்தில் அந்தக் கணக்கு சரியாகவே வருகிறது. ஆனால் ஒருநாள் ஹெட் நின்றுவிட்டால், சர்வீஸ் ஆள் வந்து, பிரித்து, மாற்றி, அளவு சரிசெய்ய வேண்டும். புது ஹெட்டும் அதற்கான கூலியும் சேர்ந்தால் பழைய மிஷினுக்கு நீங்கள் கொடுத்த விலையைத் தாண்டிவிடும். இந்த மாடலின் ஹெட்டில் இன்னொரு பலவீனமும் உண்டு. வைத்திருப்பவர்கள் பலரும் அறிந்தது அது. உள்ளே ஒட்டியிருக்கும் அடுக்குகள் காலப்போக்கில் விட்டுப் போய், ஒரு கலர் பக்கத்துக் கலரின் பாதைக்குள் கசியும். அதை எந்தக் கிளீனிங்கும் சரி செய்யாது.

கேனன் 6400 வந்தது 2012-ல். இதில் இரண்டு ஹெட், பிஎஃப்-05 என்று பெயர். ஒவ்வொன்றும் ஆறு கலர், கலருக்கு 2,560 நாசில், இரண்டும் சேர்ந்து 30,720. இது சூட்டில் வேலை செய்கிற முறை. நாசிலுக்குள் ஒரு நுண்ணிய ஹீட்டர் இங்கைக் கொதிக்கவைத்து, அந்தக் குமிழியின் வேகத்தில் துளி தெறிக்கிறது. சூடு என்றால் தேய்மானம் உண்டு. ஆகவே கேனன் ஹெட்டை ஆயுள் முழுக்க வருவது என்று சொல்வதே இல்லை. கார்ட்ரிட்ஜ் மாதிரி, தீர்ந்தால் மாற்றவேண்டிய பொருள். மூடியைத் திறந்து, நெம்பியைத் தூக்கி, பழையதை எடுத்துப் புதியதை வைத்தால் வேலை முடிந்தது. ஆள் வரவேண்டியதில்லை. விலை குறைவு என்று சொல்லமாட்டேன், ஆனால் எப்சன் ஹெட்டோடு ஒப்பிட்டால் தாங்குகிற செலவு.

எச்பி இசட் 3200, 2009-ஐ ஒட்டி வந்த மிஷின். ஆறு சின்ன ஹெட், ஒவ்வொன்றும் இரண்டு இங்குக்கு. மொத்தம் பன்னிரண்டு இங்க்; அதில் ஒன்று கலரே இல்லாத பளபளப்பு இங்க், கிளாஸி பேப்பரில் கருப்பும் வெள்ளையும் வேறு வேறு மினுக்கில் தெரியாமல் சமன் செய்வதற்கு. இதுவும் சூட்டு முறைதான், ஹெட்டை நாமே மாற்றலாம். ஒரு ஹெட் போனால் அந்த ஒன்றை மட்டும் வாங்கினால் போதும் என்பதால் மூன்றிலும் கையைக் கடிக்காதது இதுதான். இன்னொரு சிறப்பும் இதற்கு உண்டு. கலரை அளக்கிற ஸ்பெக்ட்ரோ கருவி மிஷினுக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் பேப்பரைப் போட்டாலும் தானே கலர் கட்டங்களை அடித்து, காயவைத்து, அளந்து, அந்தப் பேப்பருக்கான கலர் கணக்கை (புரொஃபைல்) எழுதிக்கொள்ளும். அந்தக் கருவியைத் தனியாக வாங்கப் போனால் விலை தெரியும்.

படத்தரம் பற்றி இரண்டு வார்த்தை. எப்சனில் ஆரஞ்சும் பச்சையும் தனி இங்காக இருப்பதால், காஞ்சிபுரம் பட்டில் வருகிற அந்த மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் அள்ளிக்கொண்டு வரும். கறுப்பு வெள்ளைக்கு எனக்கு எச்பியைத்தான் பிடிக்கும். கேனன் இரண்டிலும் குறை வைக்காது. கேன்வாஸும் லஸ்டரும் (லேசான பளபளப்புள்ள போட்டோ பேப்பர்) மாற்றி மாற்றிப் போடுகிறவர் ஒன்று கவனிக்க வேண்டும்: எப்சன் 7900-ல் மினுக்கம் இல்லாத பரப்புக்கான மேட் கறுப்பும் பளபளப்புக்கான போட்டோ கறுப்பும் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கொஞ்சம் இங்கும் சில நிமிடமும் போகும். மற்ற இரண்டிலும் இரண்டு கறுப்பும் எப்போதும் தயார்.

*

இப்போது ஆய்வு. மிஷினைப் பார்க்கப் போகும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரு தப்பில் இருந்து.

மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவில் இருந்து 44 அங்குல மிஷின் ஒன்றை எடுத்தேன். கம்பெனி பெயர் வேண்டாம், இது அந்தக் கம்பெனியின் குற்றமும் இல்லை. நான் போனபோது மிஷின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மேஜையில் அன்று காலை எடுத்த நாசில் செக் பேப்பர் (எல்லா நாசிலும் வேலை செய்கிறதா என்று காட்டும் சோதனைத் தாள்) தயாராக இருந்தது, ஒரு கோடு விடாமல் சுத்தமாக. "ரொம்பக் கம்மியா ஓடின மிஷின் சார், ஏழு மாசமா தொடவே இல்ல" என்று அவர் பெருமையாகச் சொன்னார். நானும் சந்தோஷப்பட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டாம் நாள் லைட் மெஜந்தா கலரில் பாதிக் கோடுகள் காணோம். கிளீனிங் போட்டால் வரும். மூன்று படம் அடித்தால் மறுபடி போகும். மூன்று மாதத்தில் இங்குக்குச் செலவானது, மிஷின் விலையில் பாதி.

ஏழு மாதம் சும்மா இருந்தது என்பதுதான் அவர் சொன்னதிலேயே மோசமான செய்தி. அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன். கார் குறைவாக ஓடியிருந்தால் நல்லது என்று பழகிய மனசு அப்படி நினைக்கிறது. இங்க்ஜெட்டில் அது தலைகீழ். தினமும் பத்துப் படம் அடிக்கிற லேபில் இருந்து வருகிற மிஷினை நான் நம்புவேன். ஏசி ரூமில் துணி போர்த்தி வைத்த மிஷினைக் கண்டால் பயப்படுவேன். ஏசி காற்றில் ஈரம் குறைவு. பிக்மென்ட் இங்கு ஹெட்டின் வாயில் காய்ந்து இறுகுவதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது.

ஆகவே முதல் நிபந்தனை: நீங்கள் வரும்வரை மிஷின் அணைந்திருக்க வேண்டும், முடிந்தால் முழுதாக இரண்டு நாள். உங்கள் கண்முன் ஆன் செய்யச் சொல்லுங்கள். ஆன் ஆகும்போது வருகிற சத்தத்தையும் திரையில் வருகிற எழுத்தையும் கவனியுங்கள். கேரியேஜ் (ஹெட்டைச் சுமந்து ஓடுகிற பகுதி) ஒரு கோடியில் இருந்து மறுகோடிக்குச் சீராகப் போய் வரவேண்டும். கரகரப்பும் கூடாது, இடிக்கவும் கூடாது. பிறகு கிளீனிங் எதுவும் போடாமல், நேராக நாசில் செக்.

கையில் என்ன கொண்டுபோக வேண்டும் என்றால்: சொந்த லஸ்டர் ரோல், சாதாரண ஜெராக்ஸ் பேப்பர் சில தாள், டார்ச், துணிக்கடையில் இழை எண்ணுகிற மாதிரி ஒரு கண்ணாடி லென்ஸ், ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேல், வெள்ளை டிஷ்யூ, டிரைவர் போட்ட லேப்டாப். விற்பவரின் பேப்பரில் பார்க்காதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் சந்தேகம் இல்லை. ஈரம் பாய்ந்த பழைய பேப்பரில் நல்ல மிஷினும் கெட்டதாகத் தெரியும், அது விற்பவருக்கும் அநியாயம்.

நாசில் செக் என்பது படிக்கட்டு மாதிரி இறங்குகிற சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு நாசில். லென்ஸ் வைத்து வரிசை வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒரு வரிசையில் எல்லோரும் ஏமாறுவது மஞ்சளில். வெள்ளைப் பேப்பரில் மஞ்சள் கோடு இருக்கிறதா இல்லையா என்றே கண்ணுக்குப் பிடிபடாது. போன் திரையை முழு நீலமாக வைத்து, ரூம் விளக்கை அணைத்துவிட்டு, அந்த நீல வெளிச்சத்தில் பேப்பரைப் பிடியுங்கள். மஞ்சள் கோடுகள் கறுப்பாக எழுந்து நிற்கும். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது, "எல்லாம் ஓகே" என்று ஐந்து நிமிடத்துக்கு முன் நானே சொன்ன பேப்பரில் மஞ்சள் வரிசையில் பதினொரு ஓட்டை தெரிந்தது.

ஓட்டை தெரிந்தவுடன் எழுந்து வந்துவிட வேண்டியதில்லை. அந்தப் பேப்பரில் பேனாவால் ஓட்டையை வட்டமிட்டு வைத்துக்கொண்டு இரண்டாவது நாசில் செக் எடுங்கள், பிறகு மூன்றாவது. அதே இடத்தில் அதே ஓட்டை அசையாமல் நின்றால், அது செத்த நாசில். ஒரு முறை இங்கே, அடுத்த முறை அங்கே என்று ஓட்டை இடம் மாறினால், ஹெட் உயிரோடுதான் இருக்கிறது; காற்றுக் குமிழியோ இங்க் வரும் வழியில் தடையோ இருக்கிறது. முதலாவதற்கு மருந்து இல்லை. இரண்டாவதற்குப் பெரும்பாலும் உண்டு. இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு போனால் விலை பேசுகிற விதமே மாறிவிடும்.

அடுத்தது நான் முக்கியமாக நினைக்கிற சோதனை. நாசில் செக் ஓட்டுவதற்கு இங்க் மிகக் கொஞ்சம் போதும். நோயாளி கூட எழுந்து நாலு அடி நடப்பார். மாடிப்படி ஏறச் சொன்னால்தான் மூச்சு தெரியும். ஒவ்வொரு கலருக்கும் ஒரு பட்டை என்று வரிசையாக வைத்த ஒரு ஃபைலைத் தயார் செய்து, முழு அகலத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்குத் தொடர்ந்து அடியுங்கள். அடித்த உடனே மறுபடி நாசில் செக். முன்னால் சுத்தமாக இருந்த வரிசை இப்போது கலைந்திருந்தால், இங்க் போதிய வேகத்தில் ஹெட்டுக்குப் போய்ச் சேரவில்லை. என் 44 அங்குலத்தில் நான் இதைச் செய்யவில்லை. செய்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அந்தப் பட்டைகளையே கிட்டப் போய்ப் பாருங்கள். மஞ்சள் பட்டையின் ஆரம்பமும் முடிவும் ஒரே மஞ்சளா? நுனியில் லேசாகப் பச்சையோ அழுக்கோ ஏறி, போகப் போகத் தெளிந்தால், நிற்கும் நேரத்தில் பக்கத்துக் கலர் அதற்குள் கசிந்திருக்கிறது. ஹெட்டை மூடிவைக்கிற கேப்பிங் அழுக்காக இருந்தாலும் இப்படி வரும், அதைத் துடைத்தால் சரியாகும். துடைத்த பிறகும் வந்தால், அதுவும் எப்சன் 7900 போல ஒற்றை ஹெட் மிஷினில் வந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

கேனனில் ஒரு சூட்சுமம் உண்டு. அதன் ஹெட்டில் நாசில் ஏராளம். ஒன்று செத்தால் மிஷினே கண்டுபிடித்து வேறொன்றிடம் வேலையைக் கொடுத்துவிடும். பயன்படுத்துகிறவனுக்கு வரம், வாங்கப் போகிறவனுக்குத் திரை. அடித்த படம் அழகாக இருந்தாலும், ஹெட் தன் கடைசி மாதங்களில் இருக்கலாம். அதனால் கேனனில் பேப்பரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சர்வீஸ் மோடில் ஒரு ரிப்போர்ட் எடுக்கலாம். ஹெட் எவ்வளவு உழைத்திருக்கிறது என்ற கணக்கு அதில் வரும். அது கிடைக்காவிட்டால், கடைசியாக ஹெட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் இரண்டு ஹெட்டும் மாற்ற வேண்டியிருக்கும் என்றே வைத்துக்கொண்டு, அந்தத் தொகையைக் கழித்துவிட்டுப் பேசுங்கள். எச்பியில் இது எளிது. மெனுவிலேயே இமேஜ் டயக்னாஸ்டிக்ஸ் என்று ஒரு பிரிண்ட் இருக்கிறது, ஒவ்வொரு ஹெட்டின் நிலையையும் தனித்தனியாகப் பார்க்கலாம். எப்சனில் ஸ்டேட்டஸ் பேப்பர் எடுத்தால் இதுவரை ஓடிய மொத்தக் கணக்கு தெரியும். ஐந்து வருடம் ஆன மிஷினில் அந்த எண் மிகச் சின்னதாக இருந்தால் நான் மேலே சொன்ன ஏழு மாதக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

*

மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியவை கொஞ்சம்.

வலது ஓரத்தில் ஹெட் போய் உட்கார்கிற கேப்பிங் இருக்கும். அதன் ரப்பர் விளிம்பு ஈரமாக, மிருதுவாக இருக்க வேண்டும். தார் காய்ந்த மாதிரி விளிம்பெல்லாம் பொருக்கு ஏறியிருந்தால் ஹெட் சரியாக மூடிக்கொள்ளவில்லை, ராத்திரி முழுக்கக் காய்ந்திருக்கிறது. துடைக்கிற வைப்பர் பிளேடின் நுனி நேராக இருக்கிறதா என்று பாருங்கள். அது கிழிந்திருந்தால் மலிவாக மாற்றிவிடலாம், ஆனால் அதை மாற்றாமலேயே ஓட்டியவர் வேறு என்னென்ன செய்யாமல் விட்டிருப்பார் என்பதையும் அது சொல்கிறது.

கேரியேஜுக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை போகும். அதைப் படித்துத்தான் மிஷின் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. இங்க் படலம் படிந்தால் தப்பாகப் படித்து எரர் காட்டும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மெதுவாகத் துடைத்தாலே பல எரர்கள் போய்விடும். கேரியேஜ் எரர் என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு வருகிற சில மிஷின்களுக்கு இவ்வளவுதான் நோய்.

எச்பி இசட் 3100, இசட் 3200 இரண்டிலும் மறக்காமல் பார்க்க வேண்டியது கேரியேஜை இழுக்கிற பெல்ட். வருடம் ஆக ஆக அதன் ரப்பர் பொடிப்பொடியாக உதிரும். வெள்ளை டிஷ்யூவால் பெல்ட்டை ஒரு முறை இழுத்துத் துடையுங்கள். கறுப்புத் துகள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தால் பெல்ட் போகப்போகிறது. பெல்ட் கிடைக்கும், மாற்றவும் முடியும். ஆனால் மிஷினைப் பாதிக்கு மேல் பிரிக்க வேண்டும், கை பழகியவர் வேண்டும். "பெல்ட் புதுசு" என்று விற்பவர் சொன்னால் அது பெரிய விஷயம், அதற்கு ஆயிரம் ரெண்டாயிரம் கூடக் கொடுக்கலாம்.

நம் ஊருக்கே உரிய இரண்டு. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் இருந்த மிஷின் என்றால், ஹெட் ஓடுகிற தண்டவாளத்திலும் ஸ்க்ரூ தலைகளிலும் துரு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எந்த ஊர் மிஷினானாலும் பின்பக்கம் போர்டு இருக்கிற இடத்தின் காற்றுத் துளைகளில் டார்ச் அடியுங்கள். பல்லி எச்சம், எறும்பு மண், கரப்பான் முட்டை. ஒரு பல்லி போர்டில் குறுக்கே விழுந்தால் மெயின் போர்டு காலி. இந்த வயது மிஷின்களுக்கு நல்ல போர்டு கிடைப்பது ஹெட் கிடைப்பதைவிடக் கஷ்டம்.

*

இங்க் கணக்கைப் பலரும் கடைசியில் போடுகிறார்கள். முதலில் போடவேண்டியது அது. எப்சன் 7900-ல் சின்ன கார்ட்ரிட்ஜ் 150 மில்லி, பதினொன்று வேண்டும்: 1,650 மில்லி. கேனன் 6400-ல் சின்ன டேங்க் 130 மில்லி, பன்னிரண்டு: 1,560. எச்பியிலும் 130 மில்லி, பன்னிரண்டு: அதே 1,560. எந்த மிஷினை எடுத்தாலும் ஒரு செட் என்பது ஒன்றரை லிட்டருக்கு மேல். ஒரிஜினல் இங்கின் இன்றைய விலையை டீலரிடம் கேட்டு ஒரு செட்டின் தொகையை எழுதிப் பாருங்கள், பல நேரம் மிஷினின் விலைக்குக் கிட்டே வந்து நிற்கும். எனவே உள்ளே எவ்வளவு இங்க் மிச்சம், கார்ட்ரிட்ஜின் மேல் என்ன தேதி போட்டிருக்கிறது என்பது பேரத்தில் பெரிய பங்கு. பதினொன்றில் எட்டு காலியாக இருக்கிற மலிவு மிஷின், முழு இங்கோடு இருக்கிற கொஞ்சம் கூடுதல் விலை மிஷினைவிட விலை அதிகம்.

படத்துக்கு ஆகிற இங்க் பயப்படுகிற அளவு இல்லை. என் அனுபவத்தில் சதுர அடிக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லி. 24-க்கு 36 படம் ஆறு சதுர அடி, ஒன்பது மில்லிக்குள் முடிந்துவிடும். இங்கைத் தின்பது கிளீனிங். எப்சனிலும் கேனனிலும் மெயின்டெனன்ஸ் டேங்கை (கிளீனிங்கில் வெளியேறும் கழிவு இங்க் சேர்கிற பெட்டி) எடுத்துக் கையில் தூக்கிப் பாருங்கள். ஓடிய படத்துக்குப் பொருந்தாமல் அது கனத்திருந்தால், அல்லது அடிக்கடி மாற்றியதாக அவரே சொன்னால், அந்த ஹெட்டைச் சுத்தம் செய்து செய்தே ஓட்டியிருக்கிறார்.

லோக்கல் இங்க் ஊற்றி ஓட்டிய மிஷினா என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல பிக்மென்ட் லோக்கல் இங்கும் இருக்கிறது, நான் அதைக் குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் மலிவு என்று டை இங்கை (துகள் இல்லாமல் கரைந்த சாய இங்க்) ஊற்றிவிட்டால் படம் வெயில் படும் சுவரில் சீக்கிரம் வெளுத்துப் போகும். இரண்டும் கலந்த பாதையைக் கழுவி எடுப்பது தனி வேலை. ஜெராக்ஸ் பேப்பரில் கலர் பட்டைகளை அடித்து, பத்து நிமிடம் காயவிட்டு, விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். பிக்மென்ட் அப்படியே நிற்கும். டை என்றால் சொட்டைச் சுற்றி வட்டமாகக் கலர் ஓடும்.

பேப்பர் ஓட்டத்துக்கு ஒரே சோதனை: ஒரு மீட்டர் நீளக் கோட்டை அடித்து ஸ்டீல் ஸ்கேலால் அளந்து, சாம்பல் நிறப் பட்டையில் குறுக்குக் கோடு விழுகிறதா என்று பார்ப்பது. கட்டரைக் கனமான பேப்பரில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். டிரைவர் விஷயம் வீட்டிலேயே முடிக்க வேண்டியது. உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிற விண்டோஸுக்கோ மேக்குக்கோ அந்த மாடலின் டிரைவர் இருக்கிறதா என்று கம்பெனி தளத்தில் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். எச்பியில் புரொஃபைல் எழுதுவதற்குத் தனி மென்பொருள் வேண்டும். அது ஓடாவிட்டால் உள்ளே இருக்கிற ஸ்பெக்ட்ரோவால் பயன் இல்லை.

*

அக்கா மகனிடம் நான் கேட்ட கேள்வி மிஷினைப் பற்றி இல்லை. "ஆடி மாசம் உனக்கு எத்தனை படம்டா?"

"ஆடியில எங்க மாமா? ஒண்ணு ரெண்டு. மார்கழியிலயும் அதேதான்."

அவனுக்கான பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. முகூர்த்த மாதங்களில் வாரம் இருபது படம், ஆடியிலும் மார்கழியிலும் மிஷின் சும்மா நிற்கும். வருடத்துக்கு இரண்டு முறை ஒரு மாதம் தூங்குகிற இடத்தில், ஹெட்டை மாற்றவே பெரிய செலவு ஆகிற மிஷினை வைப்பது வேண்டாம். தினமும் வேலை இருக்கிற லேபாக இருந்தால், வாரம் தவறாமல் ஆறு நாளும் ஓடுகிற இடமாக இருந்தால், நாசில் செக் சுத்தமாக வந்த எப்சனைத் தயங்காமல் எடுக்கச் சொல்லியிருப்பேன். பட்டுப்புடவைக் கலருக்கு அது கொடுக்கிற சந்தோஷம் வேறு. கறுப்பு வெள்ளையில் ஆசையும், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற கையும், உதிரிபாகம் தேடுகிற பொறுமையும் இருக்கிறவருக்கு எச்பி. அவனிடம் கடைசி இரண்டும் கிடையாது, அதை அவனே ஒத்துக்கொண்டான்.

அவனுக்குக் கேனன். ஆடியில் ஒரு ஹெட் காய்ந்தே போனாலும் ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் கூரியரில் வரவழைத்து அவனே மாட்டிக்கொள்வான். சும்மா இருக்கிற நாளிலும் பிளக்கைப் பிடுங்காமல் வைத்திருந்தால் மிஷின் தன்னைத்தானே அவ்வப்போது சுத்தம் செய்துகொள்ளும். அதற்காக ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கச் சொல்லியிருக்கிறேன். வாரம் ஒரு முறை எல்லாக் கலரும் இருக்கிற ஒரு ஏ4 படம், வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும்.

ஒரு ஹெட்டின் இன்றைய விலையை இரண்டு டீலர்களிடம் கேட்டு, அதைச் சொன்ன விலையில் இருந்து கழித்து, விற்கிறவரிடம் ஒரு தொகை சொல்லியிருக்கிறோம். அவர் ஈரோட்டில் இருக்கிறார். கடுப்பாகத்தான் பேசினார். ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி மிஷினை அணைத்துவிட்டு ஞாயிறு வரை தொடாமல் இருக்கச் சம்மதித்திருக்கிறார். இடம் மாற்றுவதற்கு முன் மெனு வழியாக உள்ளே இருக்கிற இங்கை வடிக்க வேண்டும்; அதைத் தாங்க இடம் இருக்கிற ஒரு மெயின்டெனன்ஸ் டேங்கையும் கையோடு எடுத்துப் போகிறோம். அதைச் செய்யாமல் டெம்போவில் சாய்த்து ஏற்றினால் உள்ளே எல்லாம் இங்க் கொட்டிவிடும். ஞாயிறு காலை ஆறு மணி பஸ். லென்ஸ் என்னிடம் இருக்கிறது, ரோல் அவன் கொண்டுவருகிறான்.